விசுவாசத்தைப் பகிரத் தயக்கமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இயேசுவைப் பற்றிச் சொல்ல ஆசை இருக்கிறது, ஆனால் வாய் திறக்கும் நேரத்தில் தொண்டை அடைத்துக்கொள்கிறது. இப்படிச் சொல்லும் விசுவாசிகள் ஏராளம். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: தயக்கம் முழுசாகப் போகட்டும், அப்புறம் பேசலாம் என்று காத்திருப்பவர்கள் கடைசிவரை பேசுவதில்லை. தயக்கம் இருக்கும்போதே சொல்ல முடிகிற அளவுக்குப் பேச்சைச் சின்னதாக்கிக்கொள்ள வேண்டும். அதை எப்படிச் செய்வது என்பதுதான் கீழே பெரும்பாலும் வருகிறது.

தயங்குவது விசுவாசக் குறைவா?

இல்லை. கொரிந்துவுக்கு வந்தபோது பலவீனத்தோடும் பயத்தோடும் மிகுந்த நடுக்கத்தோடும் இருந்தேன் என்று பவுலே எழுதியிருக்கிறார் (1 கொரிந்தியர் 2:3). சிறையிலிருந்து எபேசியருக்கு எழுதும்போதும் அவர் கேட்ட ஜெப உதவி, தைரியமாய்ப் பேச வேண்டும் என்பதுதான் (6:19-20).

அப்போஸ்தலர் 4-ம் அதிகாரத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படித்துப் பாருங்கள். 13-ம் வசனத்தில் பேதுருவும் யோவானும் பேசிய தைரியத்தைப் பார்த்து ஆலோசனைச் சங்கத்தார் ஆச்சரியப்படுகிறார்கள். 29-ம் வசனத்தில் அதே ஆட்கள் சபையோடு சேர்ந்து, தைரியம் தாரும் என்று ஜெபிக்கிறார்கள். நேற்று இருந்த தைரியம் இன்றைக்குச் செல்லாது போலிருக்கிறது. அங்கே மூலத்தில் இருக்கும் கிரேக்கச் சொல் 'பர்ரேசியா'. ஒளிவுமறைவு இல்லாமல் வெளிப்படையாகப் பேசுவது என்று அதற்குப் பொருள். குரலை உயர்த்துவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நடுங்குகிற குரலிலும் வெளிப்படையாகப் பேசலாம்.

எனக்கு எதில் பயம் என்றே பிடிபடவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு தாளில் ஒரே ஒருவர் பெயரை எழுதுங்கள். "உலகத்தார்", "நண்பர்கள்" என்று பொதுவாக எழுதினால் பயன் இல்லை. அதற்குக் கீழே "நான் இவரிடம் பேசினால்…" என்று தொடங்கும் வாக்கியத்தை மூன்று முறை வெவ்வேறு விதமாக முடியுங்கள். முதலில் எழுதுவது பெரும்பாலும் ஊருக்குச் சொல்கிற காரணமாக இருக்கும்: "அவருக்கு நேரமில்லை", "சமயம் அமையவில்லை." மூன்றாவதுதான் உள்ளே இருப்பது.

அங்கே வரும் பதில்கள் பலவிதம். நட்பு முறிந்துவிடும் என்பது ஒன்று. கேள்வி கேட்டால் பதில் தெரியாது என்பது இன்னொன்று. மதவெறியன் என்று முத்திரை குத்திவிடுவார்கள் என்று சிலர் எழுதுவார்கள். என் வாழ்க்கையை அவர் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறாரே என்பது பலருக்கு இருக்கும், அதை வெளியே சொல்லமாட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. பதில் தெரியாது என்பவர் படிக்க வேண்டும். நட்பு முறியும் என்பவர் எவ்வளவு படித்தாலும் அந்தப் பயம் குறையாது. அவர் அனுமதி கேட்டுப் பேசப் பழக வேண்டும். எல்லாருக்கும் ஒரே பயிற்சி வகுப்பு நடத்திவிட்டு, ஏன் யாரும் பேசவில்லை என்று கேட்பதில் அர்த்தமில்லை.

பேச்சை எங்கிருந்து ஆரம்பிப்பது?

பெரும்பாலானவர்கள் பேச்சை ஆரம்பிக்கத் தெரியாமல் தவிப்பதில்லை. தானாக வரும் பேச்சை மூடிவிடுகிறார்கள். திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் ஒருவர் கேட்கிறார்:

"என்ன, லீவு எப்படிப் போச்சு?"

"சும்மா வீட்லதான்."

உண்மையில் ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் சபையில் இருந்திருக்கிறார். அதை முழுங்கிவிட்டார். அதற்குப் பதில் இப்படிச் சொல்லலாம்:

"காலைல சர்ச்சுக்குப் போனேன். மன்னிக்கிறதைப் பத்திப் பேசினாங்க. அதுவே இன்னும் மண்டைக்குள்ள ஓடிட்டு இருக்கு."

அவ்வளவுதான். இங்கே நிறுத்திவிட வேண்டும். அவர் "ஓ, அப்படியா" என்று வேலையைப் பார்க்கலாம், "ஏன், யாரை மன்னிக்கணும்?" என்று சிரித்துக்கொண்டே கேட்கவும் செய்யலாம். கேட்டால் இன்னும் இரண்டு வாக்கியம். கேட்காவிட்டாலும் நஷ்டமில்லை, நீங்கள் விசுவாசி என்பது இப்போது அவருக்குத் தெரியும். வீட்டில் ஒரு கஷ்டம் வரும்போது யாரிடம் பேசலாம் என்று அவர் யோசித்தால், அந்த ஞாபகம் வேலை செய்யும்.

இரண்டாவது வழி, கேள்வி. எத்தியோப்பிய மந்திரியின் இரதத்தோடு ஓடிய பிலிப்பு முதலில் பிரசங்கிக்கவில்லை. படிக்கிறது புரிகிறதா என்று கேட்டார் (அப்போஸ்தலர் 8:30). நீங்கள் கேட்கும் கேள்விக்கு ஆம், இல்லை என்று பதில் சொல்ல முடியாமல் இருப்பது நல்லது. "கடவுளை நம்புறீங்களா?" என்றால் ஒரே சொல்லில் கதை முடிந்துவிடும். "சின்ன வயசுல வீட்ல கடவுள் நம்பிக்கையெல்லாம் எப்படி அண்ணே?" என்று கேட்டால் பத்து நிமிடம் பேசுவார். அந்தப் பத்து நிமிடமும் நீங்கள் கேட்க வேண்டும். அடுத்து நாம் என்ன சொல்லலாம் என்று மனதுக்குள் தயாரித்துக்கொண்டிருந்தால் அது முகத்தில் தெரிந்துவிடும்.

மூன்றாவது, அனுமதி. "இதுல எனக்கு உதவின ஒரு விஷயம் இருக்கு, சொல்லட்டுமா?" வேண்டாம் என்றால் உண்மையாகவே விட்டுவிடுங்கள். விட்டுவிடுவார் என்ற நம்பிக்கை இருந்தால்தான் அடுத்த முறை சரி என்பார்.

மூன்று நிமிடச் சாட்சியை, அதாவது இயேசு என் வாழ்க்கையில் செய்ததைச் சொல்லும் பேச்சை, எப்படித் தயார் செய்வது?

அப்போஸ்தலர் 26-ல் அகிரிப்பா ராஜாவின் முன் பவுல் பேசியது நல்ல மாதிரி. 4 முதல் 11 வரை முன்பு எப்படி இருந்தார் என்பது. 12 முதல் 18 வரை இயேசுவைச் சந்தித்தது. 19 முதல் 23 வரை அதன் பிறகு. இதே சம்பவம் 9, 22-ம் அதிகாரங்களிலும் வருகிறது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எருசலேமில் யூதக் கூட்டத்திடம் பேசும்போது யூத வேத ஆசிரியர் கமாலியேலிடம் படித்ததையும், தமஸ்குவில் தன்னை வந்து பார்த்த அனனியா வேதப்பிரமாணத்தின்படி பக்தியுள்ளவர் என்பதையும் சொல்கிறார். அகிரிப்பாவிடம் அனனியாவின் பெயரே வரவில்லை. நடந்தது ஒன்றுதான். கேட்கிறவருக்கு எது தேவையோ அதை எடுத்துச் சொல்கிறார்.

நீங்கள் எழுதும்போது முதலில் ஒரே ஒரு இழையைத் தேர்ந்தெடுங்கள்: கோபம், பயம், குற்ற உணர்வு, வெறுமை, மரணத்தைப் பற்றிய கேள்வி, இப்படி ஏதாவது ஒன்று. வாழ்க்கை வரலாறு வேண்டாம். முன்பு இருந்த நிலைக்கு அரை நிமிடம் போதும். இயேசுவிடம் திரும்பியது ஒரு நிமிடம். மீதி ஒன்றரை நிமிடம் இப்போது என்ன மாறியிருக்கிறது, என்ன இன்னும் மாறவில்லை என்பதற்கு. பலர் இந்தக் கணக்கைத் தலைகீழாக்கிவிடுகிறார்கள். பழைய பாவங்களை ரசித்துச் சொல்ல இரண்டரை நிமிடம், இயேசுவுக்குக் கடைசி இருபது நொடி.

அடுத்து, சபைக்குள் மட்டும் புழங்கும் சொற்களை அடியுங்கள். இதோ சபையில் எல்லாரும் 'ஆமென்' சொல்லும் ஒரு சாட்சி:

"நான் உலகப்பிரகாரமாய் வாழ்ந்துகொண்டிருந்தேன். ஒரு எழுப்புதல் கூட்டத்தில் கர்த்தர் என்னைத் தொட்டார், இரட்சிக்கப்பட்டேன், இப்போது ஆவிக்குள் பெலப்படுகிறேன்."

வெளியே இருப்பவர் காதில் இதில் விழுவது "கூட்டம்" என்ற ஒரு சொல்தான். அதே ஆள் இப்படிச் சொல்லலாம்:

"அப்பாகிட்ட பத்து வருஷமா பேசல. இயேசு தன்னைச் சிலுவைல அறைஞ்சவங்களுக்காகவே மன்னிப்புக் கேட்டு ஜெபிச்சார்னு ஒரு நாள் படிச்சேன். அதே மன்னிப்பைத்தான் எனக்கும் குடுத்திருக்கார்னு புரிஞ்சுது. அதை வாங்கிக்கிட்டு, அப்பா மேல கோபத்தையும் பிடிச்சுக்கிட்டு இருக்க முடியல. போன் பண்ணினேன். இன்னும் எல்லாம் சரியாயிடல. ஆனா வாரா வாரம் பேசிக்கிறோம்."

"இன்னும் எல்லாம் சரியாயிடல" என்ற வாக்கியத்தை எடுத்துவிடாதீர்கள். இயேசுவிடம் வந்ததிலிருந்து ஒரு பிரச்சினையும் இல்லை என்று சொல்பவரை யாரும் நம்புவதில்லை, நம்பவும் வேண்டியதில்லை.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை. இயேசு என்ற பெயரை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் உடற்பயிற்சி என்றோ தியானம் என்றோ போட்டுப் படியுங்கள். "சர்ச்சுக்குப் போக ஆரம்பிச்சதிலிருந்து மனசு நிம்மதியா இருக்கு" என்பது அப்போதும் அப்படியே பொருந்தும். அப்படிப் பொருந்தினால் இயேசு யார், என்ன செய்தார் என்பது இன்னும் உங்கள் சாட்சிக்குள் வரவில்லை.

கடைசியாக, சத்தமாக வாசித்து நேரம் பாருங்கள். பிறகு தாள் இல்லாமல் ஒரு நண்பரிடம் சொல்லி, அதை அவர் வாயால் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் சொல்ல நினைத்ததும் அவர் திருப்பிச் சொன்னதும் எங்கே வேறுபடுகிறதோ அங்கே திருத்த வேண்டும். மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒப்பிப்பது இரண்டாவது வாக்கியத்திலேயே தெரிந்துவிடும்.

நான் கிறிஸ்தவக் குடும்பத்திலேயே பிறந்தவன். சொல்லும்படி பெரிய மாற்றம் ஒன்றும் இல்லையே?

பவுலுக்குத் தமஸ்கு போகிற வழியில் நடந்தது போன்ற திடீர் மாற்றம் அவருடைய உடன் ஊழியர் தீமோத்தேயுவுக்கும் கிடையாது. பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் இருந்த விசுவாசம்தான் அவரிடமும் இருந்தது (2 தீமோத்தேயு 1:5). திரும்பிய நாளைத் தேடிக்கொண்டிருக்காமல், கடந்த ஓராண்டில் விசுவாசம் இல்லாமல் இருந்தால் வேறு மாதிரி நடந்திருப்பேன் என்று சொல்லத்தக்க ஒரு சம்பவத்தை எடுங்கள். ஒரு மரணம், ஒரு கடன், ஒரு பொய் சொல்ல வாய்ப்பிருந்த இடம். இது பழைய மனமாற்றக் கதையைவிடப் பல நேரங்களில் வலுவாக நிற்கும், ஏனென்றால் கேட்பவர் அந்த நேரத்தில் உங்களைப் பார்த்திருக்கிறார்.

சாட்சி சரி. சுவிசேஷத்தையே சுருக்கமாகச் சொல்லச் சொன்னால்?

1 கொரிந்தியர் 15:3-4 தான் அடித்தளம்: கிறிஸ்து நம் பாவங்களுக்காக மரித்தார், அடக்கம் பண்ணப்பட்டார், மூன்றாம் நாளில் எழுந்தார். இதைப் பேச்சுத் தமிழில் நான்கு வாக்கியமாக்கலாம். "நம்மைப் படைச்ச கடவுள் நம்மை நேசிக்கிறார். நாம அவரை விட்டு விலகி நம்ம இஷ்டத்துக்குப் போயிட்டோம், அதோட விளைவைத்தான் அனுபவிக்கிறோம். அந்த விளைவை இயேசு தன்மேல ஏத்துக்கிட்டுச் சிலுவைல செத்தார், மூணாம் நாள் உயிரோட எழுந்தார். அவரை நம்பித் திரும்புறவங்களை மன்னிச்சு, புது வாழ்க்கை தர்றார்."

தமிழில் இதைச் சொல்லும்போது சில சொற்கள் காலை வாரும். 'பாவம்' என்றால் ஒருவருக்குப் புண்ணியத்துக்கு எதிரான கணக்கு நினைவுக்கு வரும். இன்னொருவருக்கு "ஐயோ பாவம்" நினைவுக்கு வரும். கடவுளோடு உள்ள உறவு முறிந்தது என்ற பொருளை நீங்கள் சொன்னால்தான் வரும். "பாவம்னா கொலை, கொள்ளை மட்டும் இல்லை. நம்மைப் படைச்சவர் வேண்டாம்னு இருக்கிறதே பாவம்தான்" என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். 'கர்த்தர்' பலருக்குப் பழகாத பெயர். 'தேவன்' என்றால் தேவர்கள் பலரில் ஒருவர் என்று புரிந்துகொள்ள இடமுண்டு. 'கடவுள்' என்றே ஆரம்பிக்கலாம். 'கிருபை'க்கு "தகுதி பார்க்காமல் கொடுப்பது", 'மனந்திரும்புதல்'க்கு "போகிற வழியிலிருந்து திரும்பி வருவது."

ஆளுக்கேற்ப வாசலை மாற்றுவது சமரசம் ஆகாது. யூத ஜெப ஆலயத்தில் பவுல் இஸ்ரவேலின் சரித்திரத்திலிருந்து தொடங்கினார் (அப்போஸ்தலர் 13). லீஸ்திராவில் மழையையும் விளைச்சலையும் தந்த கடவுளைப் பற்றிப் பேசினார் (14). அத்தேனே பட்டணத்தில் அவர்களுடைய புலவர்களின் வரியையே எடுத்துக் காட்டினார் (17:28). ஆனால் அத்தேனேயிலும் உயிர்த்தெழுதலை விடவில்லை, அதைச் சொன்னதும் சிலர் சிரிப்பார்கள் என்று தெரிந்தும்.

பதில் தெரியாத கேள்வி கேட்டுவிட்டால்?

"தெரியலை. நல்ல கேள்வி. படிச்சுட்டு வியாழக்கிழமை சொல்றேன்." நாளைக் குறிப்பிடுவது முக்கியம், அந்த நாளில் போய்ச் சொல்வது அதைவிட முக்கியம். அந்த இடத்திலேயே சமாளித்து அடித்துவிடுவதால்தான் நம்பகத்தன்மை போகிறது. இயேசுவிடம் பார்வை பெற்ற பிறவிக்குருடன் பரிசேயரிடம் சொன்ன பதிலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இயேசு பாவியா இல்லையா என்ற வாதத்துக்கு அவர் போகவில்லை: "நான் குருடனாயிருந்தேன், இப்பொழுது காண்கிறேன், இது ஒன்றுதான் எனக்குத் தெரியும்" (யோவான் 9:25).

சில கேள்விகள் எல்லா இடத்திலும் வரும், முன்கூட்டியே படித்து வைக்கலாம். "பைபிளைக் காலப்போக்கில் மாற்றிவிட்டார்களே?" என்பது ஒன்று. 1947-லிருந்து சவக்கடல் அருகே கும்ரான் குகைகளில் கிடைத்த சுருள்களில் ஏசாயா புத்தகத்தின் முழுச் சுருள் இருக்கிறது. அது கிறிஸ்துவுக்கு முந்தியது. அதுவரை கையிலிருந்த எபிரெயப் பிரதிகளைவிட ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு பழையது. எழுத்துக்கூட்டலிலும் சில சொற்களிலும் வேறுபாடுகள் உண்டு, புத்தகம் அதே புத்தகம்தான். புதிய ஏற்பாட்டுக்கு 4-ம் நூற்றாண்டுச் சினாய்ப் பிரதி முழுமையாகவே இருக்கிறது. இந்த அளவு தெரிந்தால் உரையாடலுக்குப் போதும்.

"கடவுள் இருந்தால் ஏன் இவ்வளவு துன்பம்?" என்பது வேறு வகை. இதற்குப் பதில் சொல்லும் முன் "இதை ஏன் கேக்குறீங்க, ஏதாவது நடந்துச்சா?" என்று கேளுங்கள். அவர் குழந்தையைப் பறிகொடுத்தவராக இருந்தால், நீங்கள் தயாரித்து வைத்த தத்துவ விளக்கம் அவரைக் காயப்படுத்தும். பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவின் நண்பர்கள் உருப்படியாகச் செய்தது, முதல் ஏழு நாள் வாயைத் திறக்காமல் கூட உட்கார்ந்திருந்ததுதான்.

"மதம் மாற்ற வந்துட்டியா?" என்று கேட்டால் என்ன சொல்வது?

கோபப்படாமல், மழுப்பாமல் சொல்லுங்கள்: "உங்களை மாத்துற சக்தி எனக்குக் கிடையாது. எனக்கு ரொம்ப முக்கியமான ஒன்னை உங்ககிட்ட மறைக்க வேண்டாம்னு நினைச்சேன். கேக்க விருப்பம் இல்லைன்னா இத்தோட விட்டுடறேன்." உள்ளுக்குள் ஒரு நோக்கத்தை வைத்துக்கொண்டு "சும்மா நட்புக்காகத்தான்" என்று சொல்வது பொய். அது தெரியவரும்போது நட்பும் போய்விடும்.

இந்தக் கேள்விக்குப் பின்னால் நியாயமான கசப்பும் இருக்கலாம். பணம், வேலை, சிகிச்சை, படிப்பு இவற்றைக் காட்டி இழுப்பதும், சாபம் வரும் என்று மிரட்டுவதும், மற்றவர்கள் வணங்குவதைக் கேவலமாகப் பேசுவதும் சாட்சியைக் கெடுக்கும். 2011-ல் உலகத் திருச்சபைகள் மன்றமும், வத்திக்கானின் பல்சமய உரையாடல் அவையும், உலக சுவிசேஷக் கூட்டமைப்பும் சேர்ந்து வெளியிட்ட கிறிஸ்தவச் சாட்சி பற்றிய பரிந்துரைகளிலும் இதே எச்சரிக்கை இருக்கிறது: ஆசை காட்டுவதும் பலவீனத்தைப் பயன்படுத்துவதும் கூடாது. உதவி செய்யுங்கள், ஆனால் உதவியையும் சாட்சியையும் ஒரே கையில் நீட்டாதீர்கள். பெற்றோருக்குத் தெரியாமல் சிறுவர்களிடம் பேசுவதும் தவறு.

1948-ம் ஆண்டு உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 18-ம் பிரிவு, மதத்தை வெளிப்படுத்தவும் மாற்றிக்கொள்ளவும் எவருக்கும் உரிமை உண்டு என்கிறது. மாறாமல் இருக்கிற உரிமையும் அதற்குள் அடக்கம். சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும். நீங்கள் இருக்கும் இடத்தில் எது அனுமதி, எது இல்லை என்பதை விவரம் தெரிந்தவரிடம் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். சட்டத்தைப் பற்றிய அரைகுறைத் தகவலும் தயக்கத்தைப் பெரிதாக்கும்.

வேலை செய்யும் இடத்தில் பேசலாமா?

நிறுவன விதி அனுமதித்தால், இடைவேளையில், சமநிலையில் இருப்பவரிடம் பேசலாம். உங்களுக்குக் கீழே வேலை செய்பவரிடம் நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். அவரால் 'வேண்டாம்' என்று சொல்ல முடியாது. ஆசிரியர்-மாணவர், மருத்துவர்-நோயாளி உறவிலும் இதே சிக்கல். அவர்களாகக் கேட்டால் சுருக்கமாகப் பதில் சொல்லிவிட்டு, மீதியை வேலைக்கு வெளியே வைத்துக்கொள்ளலாம். இன்னொன்று: வேலையை அரைகுறையாகச் செய்கிறவருடைய சாட்சியை அந்த அலுவலகத்தில் யாரும் காதில் வாங்குவதில்லை.

சொந்த வீட்டில்தான் பேசவே முடியவில்லை. ஏன்?

அவர்கள் உங்களை முழுசாக அறிந்தவர்கள் என்பதால். இயேசுவின் சகோதரர்களே அவரை விசுவாசிக்கவில்லை (யோவான் 7:5). உயிர்த்தெழுதலுக்குப் பின்தான் அவர்களை ஜெபக் கூட்டத்தில் பார்க்கிறோம் (அப்போஸ்தலர் 1:14). வீட்டில் வார்த்தை குறைவாகவும் காலம் அதிகமாகவும் தேவைப்படும். விசுவாசியாத கணவருக்குப் போதனை இல்லாமல் நடக்கையே பேசட்டும் என்கிறார் பேதுரு (1 பேதுரு 3:1).

வீட்டில் எடுபடாதவை: தலையணைக்கடியில் துண்டுப்பிரதி வைப்பது, குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் தினம் வசனம் போடுவது, சாப்பாட்டு ஜெபத்துக்குள் அண்ணனுக்கு அறிவுரை சொல்வது. ஒரு சண்டையில் "இதனாலதான் உங்களுக்கு இயேசு வேணும்" என்று சொல்லிவிட்டால் ஒரு வருட உழைப்பு காலி. எடுபடுவது பல வீடுகளில் ஒன்றுதான்: நீங்கள் செய்த ஒரு குறிப்பிட்ட தவறைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது. "அக்கா, அம்மா படுத்திருந்தப்ப நான் எல்லாத்தையும் உன் தலைல போட்டுட்டேன். தப்புதான், மன்னிச்சிரு." ஏன் திடீரென்று இப்படி என்று அக்கா கேட்டால், அப்போது காரணத்தைச் சொல்லலாம்.

என் வாழ்க்கையே சரியில்லை. நான் எப்படிப் பேசுவது?

குறை இல்லாதவர்தான் பேச வேண்டும் என்றால் யாரும் பேச முடியாது. கிணற்றடியில் இயேசுவைச் சந்தித்த சமாரியப் பெண் (யோவான் 4) தன் வாழ்க்கையைச் சீர்செய்துவிட்டு ஊருக்குள் போகவில்லை. குடத்தைக் கிணற்றடியிலேயே வைத்துவிட்டுப் போனாள். ஆனால் நீங்கள் பேச நினைக்கும் அதே ஆளிடம் வாங்கிய கடன் திருப்பாமல் இருந்தால், அவரைப் பற்றிப் புறம் பேசியிருந்தால், முதலில் அதை முடியுங்கள். அது முடிகிறவரை தயக்கம் போகாது, போகவும் கூடாது.

நான் அதிகம் பேசாத ஆள். எனக்கு இந்த வரம் இல்லையோ?

சுவிசேஷகர் என்ற வரம் எல்லாருக்கும் இல்லை (எபேசியர் 4:11). சாட்சி சொல்வதற்கு அந்த வரம் தேவையுமில்லை. குஷ்டரோகியான சீரியப் படைத்தலைவன் நாகமானின் வீட்டிலிருந்த அடிமைச் சிறுமி பேசியது ஒரே வசனம், அதுவும் தன் எஜமானியிடம்: எஜமான் சமாரியாவிலுள்ள தீர்க்கதரிசியிடம் போனால் நலமாயிருக்கும் (2 இராஜாக்கள் 5:3). அந்திரேயா தன் சகோதரன் பேதுருவிடம் சொன்னது "மேசியாவைக் கண்டோம்" என்பதுதான். பிறகு அழைத்துக்கொண்டு போய்விட்டார். இயேசுவின் சீஷரான இன்னொரு பிலிப்பு, தன் நண்பர் நாத்தான்வேலிடம் வாதாடவில்லை. "வந்து பார்" என்றார்.

அதிகம் பேசாதவர்களுக்குக் கேட்கும் பொறுமை இருக்கும், அது பெரிய சொத்து. தெருவில் நின்று பேச வேண்டாம். ஒருவரோடு நடந்துகொண்டே பேசுவது எளிது. முகத்தை முகம் பார்க்க வேண்டியதில்லை. கடிதம் எழுதலாம். சபையில் பேச்சு வரும் நண்பரையும் உங்கள் நண்பரையும் அறிமுகப்படுத்தலாம்.

ஜெபத்தில் என்ன கேட்பது? நண்பரோடு சேர்ந்து ஜெபிக்கலாமா?

மூன்று பெயர்கள், தினம் ஒரு குறிப்பிட்ட நேரம். முப்பது பெயர் எழுதினால் அது பட்டியலாகிவிடும். பவுல் கொலோசெயரிடம் கேட்ட இரண்டையே கேளுங்கள்: திறந்த வாசல், தெளிவான பேச்சு (4:3-4).

நண்பர் ஒரு கஷ்டத்தைச் சொன்னால், "உங்களுக்காக ஜெபிக்கட்டுமா? இப்பவே, அரை நிமிஷம்" என்று கேட்கலாம். பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். சம்மதித்தால் சாதாரணக் குரலில், அவர் சொன்ன விஷயத்தை மட்டும் சொல்லி, இயேசுவின் நாமத்தில் முடியுங்கள். கண்ணை மூடச் சொல்ல வேண்டாம், தலையில் கை வைக்க வேண்டாம். ஜெபத்துக்குள் பிரசங்கத்தை நுழைத்தால் அடுத்த முறை அவர் கஷ்டத்தையே சொல்லமாட்டார். ஒரு வாரம் கழித்து "அந்த விஷயம் என்னாச்சு?" என்று மறக்காமல் கேளுங்கள்.

சிரித்துவிட்டார், அல்லது மறுத்துவிட்டார். அடுத்து?

அத்தேனேயில் பவுலுக்குக் கிடைத்த மூன்று பதில்கள்தான் இன்றைக்கும் கிடைக்கின்றன: சிலர் கேலி செய்தார்கள், சிலர் இன்னொரு நாள் கேட்கிறோம் என்றார்கள், சிலர் நம்பினார்கள் (அப்போஸ்தலர் 17:32-34). உள்ளதை விற்றுக் கொடு என்பதைக் கேட்டு ஐசுவரியவான் துக்கத்தோடு போனபோது இயேசு பின்னாலேயே ஓடி நிபந்தனையைக் குறைக்கவில்லை. "சரி, கேட்டதுக்கு நன்றி" என்று சொல்லிவிட்டு, பேச்சை மாற்றுங்கள். மறுநாள் வழக்கம்போலப் பழகுங்கள். மறுத்த பிறகு நீங்கள் விலகினால், தன்னிடம் பழகியதே இதற்காகத்தான் என்று அவர் முடிவு கட்டுவார். மறுபடி நீங்களாக எடுக்க வேண்டாம், அவர் கேட்கட்டும்.

எண்ணிக்கை பார்க்காதீர்கள். "நான் நட்டேன், அப்பொல்லோ நீர்ப்பாய்ச்சினான், தேவனே விளையச்செய்தார்" என்று எழுதியவரே நட்டதோடு நின்றவர்தான் (1 கொரிந்தியர் 3:6). யூதத் தலைவரான நிக்கொதேமு இரவில் இயேசுவிடம் வந்து கேட்டது யோவான் 3-ல். சங்கத்தில் ஒரு வார்த்தை பரிந்து பேசியது 7-ல். இயேசுவின் உடலை அடக்கம் செய்ய வெளிப்படையாக வந்தது 19-ல். 3-ம் அதிகாரத்தோடு கணக்கை முடித்திருந்தால் அது தோல்வி.

சமூக வலைத்தளத்தில் பகிர்ந்தால் போதாதா?

வசனப் படத்தை நூறு பேருக்கு அனுப்புவது எளிது, காரணம் அதில் யாரும் நம் முகத்தைப் பார்த்துப் பதில் கேட்பதில்லை. அது தயக்கத்தை ஒளிக்கும் இடமாகவும் ஆகிவிடலாம். ஒருவருக்கு மட்டும், அவர் நிலைமை தெரிந்து, உங்கள் சொந்த வரியில் எழுதுங்கள். கருத்துப் பெட்டியில் வாக்குவாதம் நீண்டால், இரண்டாவது பதிலோடு நிறுத்தித் தனிச்செய்திக்குப் போங்கள். சரிபார்க்காத அற்புதச் செய்திகளை அனுப்பவே கூடாது; பொய் என்று தெரிந்த நாளில் நீங்கள் சொன்ன மெய்யும் சேர்ந்து அடிபடும்.

"இன்னும் தெரிஞ்சுக்கணும்" என்று அவர் சொல்லிவிட்டார். இப்போதுதான் அதிகமாகப் பயப்படுகிறேன்!

பலர் இந்த இடத்துக்குத் தயாராக இருப்பதில்லை. அவசரப்பட்டு அன்றைக்கே ஒரு ஜெபத்தைச் சொல்லவைக்காதீர்கள், பெரிய கூட்டத்துக்கும் இழுத்துப் போகாதீர்கள். சேர்ந்து படிக்கலாமா என்று கேளுங்கள். மாற்கு சுவிசேஷம் 16 அதிகாரம், நான்கில் மிகச் சிறியது. வாரம் ஒரு அதிகாரம் என்றால் நான்கு மாதத்தில் முடியும். அதுவே பயமாக இருந்தால் "நாலு வாரம் மட்டும் பார்ப்போம், பிடிக்கலைன்னா நிறுத்திடலாம்" என்று ஆரம்பியுங்கள். புரிகிற எளிய மொழிபெயர்ப்பாக இருக்கட்டும்.

ஒவ்வொரு முறையும் ஒருவர் சத்தமாக வாசிக்க, மூன்றே கேள்விகள்: இதில் இயேசு எப்படிப்பட்டவராகத் தெரிகிறார்? புரியாதது, பிடிக்காதது என்ன? இது உண்மையாக இருந்தால் எனக்கு என்ன மாறும்? இரண்டாவது கேள்விக்கு அவர் தாராளமாகப் பேச வேண்டும். நீங்கள் ஒவ்வொன்றுக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. பன்றிக்கூட்டம் கடலில் பாய்ந்த இடம் வந்தால் உங்களுக்கும் கேள்வி இருக்கும், அதையும் சொல்லுங்கள். 45 நிமிடத்தில் முடித்துவிடுங்கள், பேச்சு சூடு பிடித்திருந்தாலும். நடுவில் ஒரு வாரம் தவறினால் துரத்த வேண்டாம், ஒரு செய்தி அனுப்பி அடுத்த நாளைக் கேளுங்கள். 8-ம் அதிகாரத்தில் இயேசு சீஷரைப் பார்த்து, என்னை யார் என்று சொல்கிறீர்கள் என்று கேட்பார். அங்கே நீங்கள் எதையும் சேர்க்க வேண்டாம். அந்தக் கேள்வியை நண்பரே தன்னிடம் கேட்டுக்கொள்ள ஒரு நிமிடம் பேசாமல் இருங்கள்.